கோதுமைப் படம் போட்ட போத்தல்

வெள்ளவத்தையில் கிளிநொச்சி பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் விவசாயி என் சென்னைப் பேச்சைக் கேட்டதும் பையிலிருந்து நானோ உரப் போத்தலை எடுக்கிறார்.

“இந்தியாவில இருந்துதானே வந்தனீங்கள்? இந்த ஹிந்தியை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி.”

“எனக்கு இந்தி தெரியாதுங்க ஐயா.”

லேபிளில் இருப்பது கோதுமைக் கதிர். தான் விதைத்திருப்பது நெல் என்கிறார். எனக்குப் புரிவது 4 என்ற எண் மட்டும்தான்.

“இங்க வாங்கின கடையிலயும் இண்டைக்குப் போய்க் கேட்டன், தெரியாதாம். டாங்குக்கு நாலு மூடியெண்டு நினைச்சு, முந்தநாள் வயல் முழுக்க அடிச்சுப்போட்டன்.”

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சொல்லை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறார்.

போன் அடிக்கிறது.

“வீட்டிலயிருந்து மனிசி. இலை நுனி கருகுதெண்டு காலமையே சொன்னவ.”

அடித்து ஓய்ந்து மறுபடியும் அடிக்கிறது. அவர் போனை என் கையில் திணிக்கிறார்.

“நீங்கள் கதையுங்கோ தம்பி.”