என் விரல் முதலில் அசைந்த அன்று

உப்பளத்து வரப்பில் என் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த என் கணவர் அமலன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேரி, ஒத்தக் கால்ல செருப்பில்லாம நடக்குற, தெரியலையா?" என்றார். குனிந்து பார்த்தேன். பாதத்தில் உப்புச் சேறு அப்பியிருந்தது. அது யாருடைய காலோ போலிருந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்பு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அந்தக் களைப்புதான் என்று விட்டுவிட்டேன். பிறகு வகுப்பில் சாக்பீஸ் விரலிலிருந்து நழுவியது. நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் போகும்போது எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பாதத்திலிருந்து மரத்துப்போவது மேலே ஏறி வந்தால் நீங்கள் என்னைப் போல் காத்திருக்க வேண்டாம்.

கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் நரம்புகளையே தாக்குவது) என்றார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் தந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். கண்ணை உருட்ட மட்டும் முடிந்தது. காது நன்றாகக் கேட்டது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நரம்பு, நடுவே சிறு இடைவெளி, தசை என்று பலகையில் படம் போட்டே பல வருடங்களைக் கழித்தவள். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை நரம்பியல் டாக்டர் என் கட்டிலருகே நின்று சொன்னார்.

"நரம்பு தசையத் தொடுற எடத்த சின்னச் சின்ன செல்லுங்க போர்வை மாதிரி மூடியிருக்கும் டீச்சர். ஷ்வான் செல்லுங்க. நரம்பு தசைகிட்ட என்ன சொல்லுதுன்னு அதுங்களும் கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டதுக்கு ஏத்த மாதிரி நரம்பு சொல்றதக் கூட்டும், கொறைக்கும். நரம்பு அடிபட்டுப் பேச்சு நின்னுட்டா, கை நீட்டுற மாதிரி நீண்டு போயி, திரும்பி வளர்ற நரம்புக்கு வழி காட்டும்."

ஷ்வான் செல்கள் கிளையா வகையைச் சேர்ந்தவை (நரம்பைத் தாங்கும் துணைச் செல்கள்). அவை வெறும் உறை என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"அசையலன்னாலும் அசைக்கப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். முயன்றால் நரம்பு வளர்ந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. முயற்சியை விட வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

வார்டுக்கு மாற்றியபோது பக்கத்துக் கட்டிலில் பிரம்மதேசத்து விவசாயி ஏழுமலை இருந்தார். அவருக்கும் இதே நோய். என்னைவிடத் தேறியிருந்தார், பேசுவார். அவர் மனைவி கஸ்தூரி கூடவே இருந்தார். உப்பு எடுக்கும் பருவம் அது. அமலன் உப்பளத்துக்குப் போய் வர வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் கஸ்தூரிதான் என்னைப் பார்த்துக்கொண்டார். என் இமைகள் முழுதாக மூடாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணோரத்தைத் துடைத்துவிடுவார். நான் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

ஒரு காலையில் டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, கஸ்தூரி கணவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து என் கையை நீவிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் தலை தலையணையில் ஒருமுறை வெட்டி இழுத்தது. உதடு வெளுத்தது. கண்கள் திறந்தபடி கூரையில் நின்றன.

எனக்குப் புரிந்துவிட்டது. கஸ்தூரியிடம் சொல்ல வாய் இல்லை. அவர் பிடித்திருந்த கைக்குள் என் உயிரை எல்லாம் செலுத்தினேன். ஆள்காட்டி விரல் மடங்கியது.

"டீச்சர்! வெரலு அசையுது!" கஸ்தூரி சிரித்துவிட்டார். விரலையே பார்த்தார். "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்றார். மறுபடி மடக்கினேன். "ஏங்க, டீச்சருக்கு வெரலு அசையுதுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

டாக்டர்கள் ஓடி வந்து வெகுநேரம் போராடினார்கள். இந்த நோய் தன்னியக்க நரம்புகளையும் (நாம் நினைக்காமலே இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துபவை) தாக்கும். துடிப்பு தடுமாறி நின்றுவிட்டது என்றார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் எனக்காக நன்றிப் பூசை வைத்தார்கள். விரல் அசைந்ததை அமலன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். குரல் திரும்பியதும் நான் டாக்டரிடம் முதலில் கேட்டது ஏழுமலையைப் பற்றித்தான். "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா?"

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "பொழச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியல டீச்சர்."

"நீ என்ன பண்ணுவ? உன்னால முடிஞ்சதத்தான பண்ண?" என்றார் அமலன். நியாயம்தான். ஆனால் சோற்றைப் பிசைய விரல் மடங்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்டது. நான் தேறத் தேறக் குற்றவுணர்வும் என்னுடன் சேர்ந்து தேறியது.

கோலூன்றி நடக்க முடிந்ததும் பிரம்மதேசத்துக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். கஸ்தூரி வாசலில் மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். "டீச்சர், நடக்குறீங்களே!" என்று எழுந்து வந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அவர் மறுபடி உரிக்க, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை நின்றது.

"அப்ப என்னையத்தான் கூப்ட்டீங்களா?"

"ஆமாங்க."

மடியில் கிடந்த ஓடுகளைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் சிரிச்சிக்கிட்டே திரும்பினேன் டீச்சர். செத்துக் கெடந்தவரு மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேன். அதான் என்னைத் தூங்க வுட மாட்டேங்குது."

என் பாரம் இறங்கும் என்றுதான் நான் போயிருந்தேன். அவருக்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. நானும் ஒரு மல்லாட்டையை எடுத்தேன். என் விரலுக்கு ஓடு உடையவில்லை. அவர் வாங்கி உடைத்து என் கையில் வைத்தார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியெல்லாம் முன்னால் நடந்து, நின்று, நான் வந்ததும் மறுபடி நடந்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் காலை எடுத்து வைப்பதற்கு முன் எனக்கு ஒரு காத்திருப்பு இருக்கிறது. முன்பும் இருந்திருக்கும், மிகச் சிறியதாக, எனக்குத் தெரியாமல். அன்று பஸ் படியில் ஏற வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது காலுக்குப் போய்ச் சேரட்டும் என்று கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"இருப்பா" என்றார் கஸ்தூரி. "ஏறுவாங்க."