ஆத்தூர் அணிக்குப் போன பெண்

எங்கள் மல்லசமுத்திரத்துப் பெண்கள் கபடி அணியை நான்தான் கவனித்து வந்தேன். கபடி பாடிப் போக நல்ல ஆட்டக்காரிகள் மூவர் இருந்தார்கள். எதிராளியின் காலைப் பிடித்து நிறுத்தத்தான் ஆள் இல்லை. அதனால் மூவரில் இளையவளான பத்தொன்பது வயதுப் பெண்ணை ஆத்தூர் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து அனுபவமுள்ள பிடி ஆட்டக்காரி ஒருத்தியை வாங்கினேன்.

மைதானத்துக்கு எதிரே இருந்த லாரிப் பட்டறையில் நாள்தோறும் இதே பேச்சுதான். "வளர்ற புள்ளையப் போயி அனுப்பிச்சுப்போட்டீங்களே, நாயமுங்களா?" என்றார் பட்டறைக்காரர்.

"இந்த வருசம் கோப்பை வேணுமா வேண்டாமாங்க?" என்றேன். நான் அசைந்து கொடுக்கவில்லை.

வாழப்பாடியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆத்தூர் அணியையே சந்தித்தோம். கடைசி நிமிடத்தில் நான் அனுப்பிய பெண் பாடி வந்தபோது, நான் வாங்கி வந்தவள் அவள் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தாள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். பட்டறைக்காரரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோற்று நின்ற அந்தப் பெண்ணிடம் போய், "நல்லா ஆடுனே சாமி" என்றேன்.

முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அனுப்புனது தப்புன்னு சொல்லலீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

ஊரே அவளைப் பற்றிப் பேசியிருந்தது. அவளிடம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் வெளியூர் அணிகள் ஆள் கேட்டு வந்தன. ஒவ்வொரு முறையும், அவர்கள் கேட்ட பெண்ணின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். அனுப்பினால் அணி பலமாகும் என்று ரசிகர்கள் எவ்வளவு சொல்லியும் அவர்களை நான் அனுப்பவில்லை.