வேப்பிலை செருகிய சந்து

சேதராப்பட்டு இரும்புப் பட்டறையில் வேலை போனதும், துணிப்பையைத் தோளில் மாட்டி நடந்துகொண்டிருந்தேன். உப்பளம் பகுதியில் ஒரு சந்துக்குள் திரும்பினால், எல்லா வாசலிலும் வேப்பிலை. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழைய மாட்டான். ஆனால் பிள்ளைகள் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர்களுக்கோ என்மேல் சந்தேகம்.

"குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் புடிக்கிறவன்டி" என்றாள் ஒருத்தி. அவசரநிலை முடிந்து அதிக காலம் ஆகவில்லை.

என் பின்னாலேயே ஐஸ் பெட்டியைத் தூக்கமாட்டாமல் ஒரு நர்சம்மா வந்தார். குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட வந்தவர். இடுப்பில் குழந்தையோடு வாசலை மறித்து நின்றவளிடம், "ஏம்மா, அம்மா வந்த வீட்டுல கவுச்சி ஆகாதே. கருவாட்டுக் குழம்பு மணக்குது?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

"காய்ச்சலுக்கு ஊசின்னு கூட்டிட்டுப் போய்தான் எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேசன் பண்ணிட்டாங்க. எங்களுக்கு இது ஒண்ணுதான். இதையும் உங்ககிட்ட குடுக்கணுமா?"

நர்சம்மா பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். "நாளைக்கு அவரையும் இருக்கச் சொல்லு. அவர் மடியிலேயே வச்சுப் போடறேன். எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "சும்மாதானே நிக்கிற? பெட்டி தூக்க வர்றியா?" என்றார்.

மறுநாள் காலை நர்சம்மாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன், பெட்டியைத் திறக்கச் சொன்னார். மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்புறம்தான் குழந்தையின் தொடையைக் காட்டினார்.