கெம்ப்பைனென் வீட்டுக் கார்ச்சாவி

“வசந்தம் வர மறந்தாலும் மறக்கும், வயரைக் கழட்ட இந்தத் தைஸ்தோ மறக்கமாட்டான். என் சவ வண்டியக்கூட நானே எழுந்து வயரைக் கழட்டிட்டுத்தான் கிளம்ப விடுவேன்!”

கடையின் காப்பி மேசையில் தைஸ்தோ கெம்ப்பைனென் இப்படி முழங்கியபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பின்லாந்தில் எங்கள் கைனு பக்கத்தில் இது ஏறக்குறைய மத விஷயம். பனிக்கால இரவில் எஞ்சின் விறைத்துப்போகாமல் இருக்க, முற்றத்துக் கம்பத்திலிருந்து மின்வயர் இழுத்து எஞ்சின் ஹீட்டரில் செருகி, பசுவைக் கட்டுவதுபோல் காரைக் கட்டிவைப்போம். காலையில் அவிழ்க்காமல் கிளம்பியவரை ஊர் மன்னிக்கும். தைஸ்தோ மன்னிக்கமாட்டார்.

அவர் மனைவி இர்யா ஒருமுறை அப்படிக் கிளம்பிவிட்டார். அன்றோடு சாவி பறிமுதல். சவுனா என்கிற நீராவி அறையில் வியர்க்க உட்காரும்போதும் தைஸ்தோ அதைக் கையோடு கொண்டுபோனார். சூடேறிய சாவி அவர் தொடையில் முத்திரை பதித்தது என்பதை அவர் தரப்பு இன்றுவரை மறுக்கிறது.

ஏரிப் பனியில் துளை வெட்டி முங்குகிற பெண்கள் கூட்டத்தில் இர்யா முக்கியப்புள்ளி. முங்குவதே, பிறகு சவுனாவில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசத்தான். தைஸ்தோவோ கரையில் காரை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பார். வம்பைப் பாதியில் விட்டு, ஈரத் தலைமயிர் குச்சிகுச்சியாக உறைய இர்யா ஓடிவருவார். ஊரில் யாருக்கு விவாகரத்து என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. எப்பேர்ப்பட்ட கொடுமை!

“சாவியக் குடு, நானே போய்ட்டு வரேன்.”

“குடுப்பேன். நீ எனக்கு வயர் பாடம் எடுக்கிற அன்னிக்குக் குடுப்பேன்.”

சென்ற ஜனவரியில் ஒரு காலை, பால் வாங்கக் கிளம்பிய தைஸ்தோ, வாசலில் நின்று மனைவிக்கு வயர் ஒழுக்கம் குறித்து உரையாற்றினார். உரையின் சிறப்பில் தானே சொக்கிப்போய், நேராகக் காரில் ஏறிக் கிளப்பிவிட்டார். கம்பத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம். இர்யா இரவு உடையோடு, கம்பளிச் செருப்போடு, பனியில் ஓடிவந்தார்.

“கிழவா, நில்லு! வயரு! வயரு!”

“சாவிக்காக இப்படியெல்லாமா நடிப்ப? தரமாட்டேன்னா தரமாட்டேன்!” என்று அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்த நான் மண்வாரியை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். அவர் ராஜா மாதிரி கையசைத்துவிட்டுப் போனார். பின்னால் ஆரஞ்சு நிற வயர் வால்போல நெளிந்து தெருவைப் பெருக்கிக்கொண்டு போனது. அதைக் கவ்வப் பார்த்துக்கொண்டே ஒரு நாயும் கடைவரை துணைக்குப் போயிற்று.

சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் நான் உடனே இர்யா வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நல்ல காட்சிக்கு முன்வரிசைதான் சரி.

தைஸ்தோ திரும்பி வந்தார். கோட்டு வயிற்றுப்பக்கம் விசித்திரமாகப் புடைத்திருந்தது.

“பால் எங்க?” என்றார் இர்யா.

“பசு உறைஞ்சுபோச்சாம்.”

இர்யா காப்பியை ஊற்றினார். தைஸ்தோ யாரையும் பார்க்காமல், சாவியை எடுத்து, இர்யாவின் தொப்பி தொங்கும் ஆணியில் மெல்ல மாட்டினார். கையைத் தூக்கியதில் கோட்டு மேலேறி, ஆரஞ்சு வால் ஒரு முழம் நழுவித் தரையைத் தொட்டது.