மீனலோசனி திருப்பிக் கேட்ட போத்தல்

கரம்பொன் ஊர் மீனலோசனி கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கனடாவிலிருந்து மகன் பிரதாபன் அனுப்பும் பாசல் வந்தால், உடைத்த அன்றே சொந்தக்காரர் வீடுகளுக்குப் பங்கு போய்விடும்.

போன பாசலில் சத்துக் குளிசைப் போத்தல்கள் இருந்தன. தாய் கனடா வந்திருந்தபோது அவரின் துப்பலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்த பிரதாபன், முடிவைப் பார்த்துத் தெரிந்தெடுத்தவை. அவற்றையும் மீனலோசனி பங்கிட்டார். ஒரு போத்தல் பெரியப்பாவின் மகன் செல்வரத்தினத்தின் வீட்டுக்குப் போனது. மீனலோசனி தன் மகளின் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லவில்லை என்று நெடுநாள் பேசாதிருந்த வீடு அது. செல்வரத்தினத்தின் மனைவி அம்பிகை போத்தலை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தார்.

அடுத்த கிழமை பிரதாபன் தொலைபேசியில் கேட்டான்.

"குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஓம். மிச்சத்தைச் சனத்துக்குக் குடுத்திட்டன்."

"அம்மா, அது உங்கட உடம்புக்கெண்டு பாத்து எடுத்தது. அதில இரத்தத்தை உறைய வைக்கிற விற்றமின் கே-யும் இருக்கு."

"இரத்தம் உறையாமக் குளிசை போடுற ஆள் குடிச்சா?"

"அந்தக் குளிசையை வேலை செய்ய விடாது. ஆர் குடிச்சது?"

செல்வரத்தினம் இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாதிருக்கக் குளிசை போடுபவர். திகதி முடிந்த மருந்து என்று சொல்லிப் போத்தலை வாங்கியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் ஆசுபத்திரிக்குப் போகமாட்டார். மீனலோசனி உள்ளதைச் சொல்லப் போனார்.

அம்பிகையின் முகம் மாறியது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் உங்கட வீட்டில எப்ப தொடங்கினது?"

"இண்டைக்குத்தான், மச்சாள். பிழை என்னில. அண்ணை, எழும்புங்கோ, ஓட்டோ வாசலில நிக்குது."

"நல்ல உசாராத்தானே இருக்கிறன்," என்றார் செல்வரத்தினம்.

"உசாரா இருக்கேக்கையே போவம்."

ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் டொக்டர் போத்தலை வாசித்து, அது வந்த கதையையும் கேட்டார். செல்வரத்தினத்தை உடனே யாழ்ப்பாணத்துக்கு இரத்தம் சோதிக்க அனுப்பினார். பிறகு மீனலோசனியிடம் திரும்பினார்.

"துப்பல் சோதிச்சது சரி, அம்மா. இரத்தம் சோதிச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப நீங்களும் நிப்பாட்டுங்கோ. சோதிச்ச பிறகு பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் பார்த்தபோது இரத்தம் உறையும் அளவு மாறத் தொடங்கியிருந்தது. மருந்தைக் கூட்டி, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்கள். மீனலோசனி மற்ற வீடுகளுக்கும் போய், கொடுத்த போத்தல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள்.

அடுத்த முறை செல்வரத்தினத்தின் இரத்தம் காட்ட மூவரும் போகும்போது பஸ்ஸில் அம்பிகை மீனலோசனிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பஸ் வேலணையைக் கடந்தது.

"இனிப் பாசல் வந்தா எங்களுக்குச் சொக்கிலேற் மட்டும் காணும்," என்றார்.