தொடாதவரை பூ

மாமாவுக்கு அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம். அவருடைய சகலைக்கு, அதாவது அத்தையின் தங்கை புருஷனுக்கு, நாலே வருடம். வேலை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பாக ஒருவரைப் போடவேண்டி வந்தபோது, மேலாளர் இருவருக்கும் ஆளுக்கொரு ஹீத் செடி கொடுத்தார். எது நன்றாகப் பூக்கிறதோ, அதை வளர்த்தவருக்குப் பொறுப்பு.

ஹீத் முழங்கால் உயரப் புதர். இலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்: ஊசி ஊசியாக, கணுவுக்கு நாலு, ஓரம் கீழ்ப்பக்கம் சுருண்டு தன் ஈரத்தைத் தானே பொத்தி வைத்திருக்கும். வேர் தலைமுடியைவிட மெல்லிசு. புளிப்பான, அமில மண்ணில்தான் பிழைக்கும். சுண்ணாம்பு ஆகவே ஆகாது.

மாமாவுடையதில் எண்ணி முப்பது பூ. சகலையுடையதில் செடியே தெரியவில்லை; கிளை முழுக்க இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டிக் குடுவைப் பூக்கள்.

"என்னண்ணே, உங்களுது கோவிச்சுக்கிட்டு நிக்குது?"

"உன்னுது ரொம்ப இளிக்குது. வாய் கோணிக்கப் போவுது, பாத்துக்க."

வீட்டில் அத்தை ஆரம்பித்தாள். "தங்கச்சி போன் பண்ணா. அவ வீட்டுக்காரருக்குக் கைராசியாம்."

"கைராசியாம்! பதியன் போடச் சொல்லிக் குடுத்ததே இந்தக் கைதான்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள், வெள்ளையடிக்கக் கரைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு குவளை மொண்டு சகலையின் தொட்டியில் ஊற்றினார். மூன்று நாள் விட்டு இன்னொன்று.

இரண்டு வாரமாயிற்று. ஒரு பூ உதிரவில்லை. தள்ளி நின்று பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். பொறுக்காமல் ஒரு மத்தியானம் கிளையைத் தொட்டார். இலைகள் பொலபொலவென்று கொட்டின. செடி செத்திருந்தது. ஹீத் பூ காய்ந்தாலும் உதிராது, நிறமும் லேசில் போகாது. தெரிந்த விஷயம்தான், எரிச்சலில் மறந்துவிட்டது. பூத்ததைத் தொடாதே என்று மாமா எப்போதோ சொன்னதை அப்படியே காப்பாற்றியதால், செடி செத்தது சகலைக்கும் தெரியவில்லை.

மேலாளர் வந்தார். யாரும் தொடாமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, "அடேயப்பா!" என்றார். அது செத்த செடி என்று சொல்ல மாமாவுக்கு வாய்வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்? விழுங்கிக்கொண்டார்.

கண்ணாடி வீட்டுச் சாவியை வாங்கிய கையோடு சகலை ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுண்ணே. இனிமே இதுக்கு உங்க கையாலதான் தண்ணி ஊத்தணும். தெனமும்."

மாமா பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்து நின்றார். செத்தும் அது அவருடையதைவிட அழகாக இருந்தது.