ஆடாத எண்

தரணேந்திரனுக்குப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். இருட்டிய பிறகு சோற்றில் கை வைக்கிற வழக்கமில்லை. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் இருக்கும் பெயின்ட் பிசின் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக மீட்டர் டெக்னீஷியன். ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே வண்டி ஷெட்டில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பான். அப்புறம்தான் வீட்டுக்கு.

அன்று முதல் கவளத்தைப் பிசைந்தவனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஐயோ, திருப்பி வைக்கவில்லையே!

பிசின் காய்ச்சும் கலனைச் சுற்றி ஓடும் குளிர்நீரை அளக்கிற மீட்டர் அது. குழாய் காலியானால் பழுது என்று சிக்னலை அடிமட்டத்துக்கு இறக்கும். கன்ட்ரோல் ரூமில் அலாரம் அலறும். காலையில் குழாயில் காற்று புகுந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம். காற்றை வெளியேற்றும் வேலை முடியும்வரை இருக்கட்டும் என்று, பழுது வந்தால் கடைசியாகக் காட்டிய எண்ணையே காட்டும்படி மாற்றி வைத்தான். சாயங்காலம் சூரியன் கண்ணில் பட்டது, மீட்டர் படவில்லை.

இனி தண்ணீர் நின்று குழாய் காலியானாலும் திரையில் பழைய எண்தான் இருக்கும். கலன் சூடேறி வெடித்தாலும் அப்படித்தான். அதற்குப் பத்தடி தள்ளி, கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் அஸ்வினி உட்கார்ந்திருக்கிறாள். அவள் செல்போனோ கேட் லாக்கரில்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினான்.

"இன்னா சார், சாப்பாட்ட வுட்டுட்டு எங்க ஓடறீங்க?" என்றார் வாட்ச்மேன் ஆனந்தராஜ்.

"கன்ட்ரோல் ரூமுக்கு போன் போடுங்க!"

"அந்த லைன் காலைலேர்ந்தே டெட்டுங்க."

முந்நூறு அடி தூரம். எந்த நொடியும் வெடிச்சத்தம் கேட்கும் என்று எண்ணியபடியே ஓடினான்.

அஸ்வினி சிரித்தபடி திரும்பினாள். "வாங்கண்ணா. நீங்க கைய வெச்சதும் மீட்டர் அடங்கிடுச்சு. கால் மணி நேரமா நாப்பத்தெட்டுலயே நின்னுக்கினு இருக்கு, ஆடவே இல்ல."

ஓடுகிற தண்ணீரின் எண் ஆடாமல் இருக்காது. பக்கத்துத் திரையில் கலனின் வெப்பம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஹீட்டர ஆஃப் பண்ணு, ஜல்தி!"

குளிர்நீருக்கான மாற்றுப் பம்பின் பட்டனை அழுத்தினான். எண் அசையவில்லை. பத்து நொடி. இருபது. அஸ்வினியின் சிரிப்பு போய்விட்டது. கும்பிட்ட கையோடு நின்றான் அவன்.

நாற்பத்தெட்டு முப்பத்தொன்றானது. முப்பத்துநான்கானது. ஆடத் தொடங்கியது. வெப்பம் ஏறுவது நின்று, ஒரு டிகிரி இறங்கியது.

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே இருட்டிவிட்டது.

"தண்ணி நின்னா அலாரம் அடிச்சிருக்கணுமேண்ணா," என்றாள் அஸ்வினி. "யாரு மாத்தி வெச்சது?"

மீட்டர் மேல் பழி போட ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தாம்மா. இருட்டறதுக்குள்ள சாப்புடணும்னு போய்ட்டேன்."